பேருந்துச் செலவு யார் கணக்கில்?

பேருந்தை ஓட்ட ஆகும் செலவை ஏறுபவர் தர வேண்டுமா, அரசு தர வேண்டுமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டண உயர்வின்போதும் எழுகிறது. சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. கேள்வி மட்டும் தீர்ந்தபாடில்லை. நூறு ஆண்டுகளில் இதற்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல விடைகள் தரப்பட்டுள்ளன. ஏறுபவரே தரட்டும் என்றது தனியார் காலம். வசூல் நன்றாக உள்ள தடம் வசூல் இல்லாத தடத்தைச் சுமக்கட்டும் என்றது நாட்டுடைமைக் காலம். போட்டி வந்தால் செலவே குறையும் என்றார்கள் வேறு சிலர். 2021 மே மாதத்திலிருந்து, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறும் பெண்களுக்கான டிக்கெட்டை அரசு தருகிறது. இந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே தளர்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தமிழ்நாடு நடுவில் நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும் இடங்களில் லண்டனும் இலங்கையும் வருகின்றன.

டிக்கெட் பணமே தாங்கிய காலம்

சென்னையில் மின்சார டிராம் 1895 மே மாதம் ஓடத் தொடங்கியது. தண்டவாளம், மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் டிக்கெட் வசூலில் சமாளித்த தனியார் நிறுவனம் அது. பேருந்துகள் பெருகியபின் வசூல் இறங்கியது. கட்டணத்தை இஷ்டப்படி உயர்த்தவும் முடியவில்லை. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. பயணிகள் இல்லாததால் மட்டும் அது நிற்கவில்லை. இருந்த பயணிகளின் டிக்கெட் பணம் செலவுக்குப் போதவில்லை என்பதே காரணம்.

மாவட்டங்களில் நடந்தது வேறு. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டும், ராமன் அண்ட் ராமன் கும்பகோணத்திலும், ஆனைமலை பஸ் நிறுவனம் பொள்ளாச்சி, கோவைப் பக்கமும் பேருந்துகளை நடத்தின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் நெடுங்காலம் இருந்தது. மக்கள் நினைவில் இப்படி இடம்பிடித்த சேவையை லாப நோக்கத்தின் பெயரால் ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு ஓர் எல்லை இருந்தது. வசூல் உள்ள சாலையில் நேரம் தவறாமல் ஓடிய பேருந்து, வசூல் இல்லாத ஊருக்கு வரவே இல்லை. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் முறையைக் கொண்டுவந்தபின் ஒரு தடத்தில் யார் ஓட்டலாம் என்பதை அரசு முடிவு செய்தது. ஆனால் ஓட்ட விரும்பாத தடத்தில் ஒருவரை ஓட்ட வைக்கும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை. பெர்மிட்டே நல்ல விலைபோகும் சொத்தாக மாறியது. டிக்கெட் வசூலே செலவைத் தாங்க வேண்டும் என்ற நிலைப்பாட்டின் பெரிய பலவீனம் இதுதான்: எந்த ஊருக்குப் பேருந்து வர வேண்டும் என்பதை அந்த ஊர் மக்களின் பணப்பை முடிவு செய்துவிடுகிறது.

நாட்டுடைமையும் குறுக்கு மானியமும்

சென்னை மாகாண அரசு 1947-இல் தலைநகரில் பேருந்து நடத்தத் தொடங்கியது. 1950-இல் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் பெரிய மாற்றம் 1972-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று சென்னைக்குப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அதே காலத்தில் மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் எனப் பெரிய தனியார் நிறுவனங்களின் பேருந்துகளைக்கொண்டு கழகங்கள் பிறந்தன. பின்னர் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு பெயரில் பெருகிய கழகங்கள், 1997-இல் பெயர் சூட்டுவது சாதி மோதலுக்கு வழிவைத்தபோது எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. இன்று மாநகர், விரைவு, மாவட்டக் கோட்டங்கள் என எட்டுக் கழகங்கள். ஏறக்குறைய 20,000 பேருந்துகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள்.

இந்த அமைப்பின் அடிப்படை எண்ணம் குறுக்கு மானியம். சென்னை, மதுரை நெடுஞ்சாலையில் கிடைக்கும் வசூல், உசிலம்பட்டிக்கு அப்பால் உள்ள மலையடிவார ஊருக்குப் போகும் பேருந்தின் டீசலுக்கு உதவும். அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். கழகத்துக்குள்ளேயே பணம் கை மாறும். ஒரு காலம் வரை இது நடந்தது. தமிழ்நாட்டில் பேருந்து எட்டாத கிராமங்கள் குறைந்ததற்கும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் தூரம் சுருங்கியதற்கும் இந்த ஏற்பாடு பெரிய காரணம். தமிழ்நாட்டின் கல்வி, சுகாதார முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பேருந்துக்கு உரிய இடத்தைத் தருவது அரிது. அது ஒரு குறைதான்.

குறுக்கு மானியம் நிலைக்க வேண்டுமானால் லாபத் தடங்கள் கழகத்திடமே இருக்க வேண்டும். அவை கை நழுவின. சுற்றுலா வாகனப் பெர்மிட்டில் ஓடும் ஆம்னி பேருந்துகள் நீண்ட தூரப் பயணிகளில் வசதியானவர்களை எடுத்துக்கொண்டன. மாவட்டச் சாலைகளில் தனியார் பேருந்துகள் நல்ல நேரங்களை வைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இருசக்கர வாகனம் குறுந்தூரப் பயணியை வீட்டு வாசலிலேயே எடுத்துக்கொண்டது. சுமக்க வேண்டிய தடங்கள் அப்படியே இருக்க, சுமக்கும் தடங்கள் மெலிந்தன.

நட்டம் என்ற சொல்

ஒரு சிறு கணக்கு நிலைமையைத் தெளிவாக்கும். புறநகர் சாதாரணப் பேருந்துக்கு 2011 நவம்பரில் ஒரு கிலோமீட்டருக்கு 28 காசிலிருந்து 42 காசாகக் கட்டணம் உயர்ந்தது. 2018 ஜனவரி 20 அன்று அது 60 காசானது. மாநிலம் முழுவதும் மாணவர்கள் சாலைக்கு வந்தபின் பத்து நாளுக்குள் 58 காசாகக் குறைக்கப்பட்டது. 50 இருக்கையும் நிரம்பி, எல்லோரும் முழு டிக்கெட் எடுத்தால்கூட, அந்தக் கட்டணத்தில் கிலோமீட்டருக்கு 29 ரூபாய் வசூலாகும். ஒரு லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்து, சென்னையின் 92 ரூபாய்ச் சில்லறை விலையில் பார்த்தால், டீசலுக்கே 18 ரூபாய்க்கு மேல் போய்விடும். மிச்சம் 11 ரூபாயில் ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர் சம்பளம், டயர், உதிரிப் பாகம், கடனுக்கு வட்டி, ஓய்வூதியம் எல்லாம் அடங்க வேண்டும். நின்றுகொண்டு போகும் பயணிகளைச் சேர்த்தாலும் கணக்கு நேராகாது. அந்தப் பேருந்து நன்றாக ஓடினாலும் நட்டம். மோசமாக ஓடினாலும் நட்டம்.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59.15 ரூபாய் இழப்பு என்று சொன்னது. ஊரடங்கில் பேருந்துகள் நின்றும் பாதி நிரம்பி ஓடியும் கழிந்த காலத்தின் நிழல் அந்த எண்ணில் உண்டு. அதை வழக்கமான ஆண்டின் அளவாகக் கொள்வது சரியாகாது. ஆனால் அந்த எண் பொதுப் பேச்சில் பதிந்துவிட்டது. கழகம் என்றால் நட்டம் என்ற எண்ணம் அதனால் இன்னும் வலுத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள். அதனால் அவற்றின் கணக்கு லாப நட்டக் கணக்கு. அரசுப் பள்ளிக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் ஆகும் பணம் செலவு என்று எழுதப்படுகிறது. பேருந்துக்கு ஆகும் பணம் நட்டம் என்று எழுதப்படுகிறது. பொருள் ஒன்றாயினும் சொல் வேறு, அந்தச் சொல்லிலிருந்து பிறக்கும் முடிவுகளும் வேறு. செலவு என்றால், அது போதுமா என்று கேட்பார்கள். நட்டம் என்றால், எதைக் குறைக்கலாம் என்று கேட்பார்கள்.

இரவில் ஊரில் தங்கும் பேருந்தை எடுத்துக்கொள்ளலாம். நைட் ஹால்ட் என்பார்கள். டவுனிலிருந்து கடைசி நடையாகக் கிளம்பி, ஒன்பது பத்து மணிக்கு ஊருக்குள் நுழையும்போது வண்டியில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் கோயில் மண்டபத்திலோ வண்டிக்குள்ளேயோ படுத்துக்கொள்வார்கள். விடியுமுன் முதல் நடை. பூக்கூடை, கீரைக்கட்டு, கத்திரிக்காய் மூட்டை ஏறும். லக்கேஜ் டிக்கெட் கிழியும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள், டவுனில் கடை திறக்கிற பெண்கள் ஏறுவார்கள். அந்த இரண்டு நடைகளின் வசூலைக் கூட்டி, ஆன செலவைக் கழித்தால் எதிர்மறை எண்ணே வரும். விடியற்காலைச் சந்தையில் அந்தப் பூவுக்குக் கிடைத்த விலையும், மருத்துவமனையில் அன்றே கிடைத்த சிகிச்சையும் வே பில் என்னும் நடத்துநரின் வசூல் தாளில் ஏறுவதில்லை. ஆள் பற்றாக்குறையோ வண்டிப் பற்றாக்குறையோ வந்தால் முதலில் நிறுத்தப்படும் நடைகளில் இது ஒன்று. ஏனென்றால் தாளில் இது மோசமான நடை.

கணக்கில் வரும் ஒரு சொல் நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. லண்டன் பெருநகர மன்றம், கென் லிவிங்ஸ்டன் தலைமையில், 1981 அக்டோபரில் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஈடு செய்ய உள்ளூர் வரியைக் கூட்டியது. சுரங்க ரயிலே எட்டாத ப்ராம்லி பகுதியின் மன்றம் வழக்குத் தொடுத்தது. சட்டத்தில் இருந்த சிக்கனமான போக்குவரத்து என்ற பொருள்படும் சொல், செலவையும் வரவையும் இயன்றவரை சமன் செய்வதையே குறிக்கும் என்று அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிபதிகள் அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தனர். 1982 மார்ச்சில் கட்டணங்கள் இரட்டிப்பாயின. மறு ஆண்டு வேறு சட்ட அடிப்படையில் மீண்டும் குறைக்கப்பட்டன. இந்தியாவின் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கழகங்கள் வணிகக் கோட்பாடுகளின்படி நடக்க வேண்டும் என்ற பிரிவு உண்டு. அதன் பொருள் என்ன என்பது லண்டனில் நடந்ததுபோல் இங்கே நேருக்கு நேர் விவாதிக்கப்படவில்லை.

பொருளியலர் தரும் காரணங்கள்

கட்டணம் செலவைத் தாங்க வேண்டியதில்லை என்ற வாதம் இரக்கத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துபுயி 1844-லேயே, பாலத்தைக் கட்டி முடித்தபின் கூடுதலாக ஒருவர் கடந்து போவதால் ஏறக்குறையச் செலவே இல்லை, அவரைச் சுங்கம் விரட்டினால் யாருக்கும் பயனின்றி ஒரு நன்மை வீணாகிறது என்று காட்டினார். நியூயார்க் சுரங்க ரயில் கட்டணத்தை 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த வில்லியம் விக்ரி, நெரிசல் நேரத்துக்கு ஒரு கட்டணம், மற்ற நேரத்துக்கு வேறு கட்டணம் வேண்டும் என்றார். 1996-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பேருந்துக்கே உரிய வாதத்தை 1972-இல் ஹெர்பர்ட் மோரிங் வைத்தார். அதன் சாரம் எளிது. ஒரு மணிக்கு ஒரு பேருந்து வரும் தடத்தில், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக அரை மணி காத்திருப்பார். பயணிகள் கூடி, இரண்டு பேருந்து விட்டால் காத்திருப்பு கால் மணியாகும். புதிதாக ஏறிய பயணி, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்துகிறார். அந்த நன்மைக்கு அவருக்கு யாரும் பணம் தருவதில்லை. எனவே அவர் தரும் கட்டணத்தைக் குறைத்து, மீதியைப் பொதுப்பணத்தில் தருவது நியாயம். நேர்மாறாக நடப்பதும் இதே கணக்கில்தான்: பயணிகள் குறைய நடை குறையும், நடை குறையக் காத்திருப்பு கூடும், காத்திருப்பு கூட மேலும் பயணிகள் பைக் வாங்குவார்கள். தமிழ்நாட்டின் பல தடங்களில் இந்த இறக்கம் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

இந்த வாதத்தின் மீதுள்ள ஐயங்களும் கனமானவை. மானியம் எப்படியும் வரும் என்று தெரிந்தால் செலவைக் கட்டுப்படுத்தும் முனைப்பு குறையும். பணம் கூடுதல் நடைகளுக்குப் போகாமல் நிர்வாகத்தில் கரையும். மானியத்துக்கான வரியும் யாரோ ஒருவர் தருவதுதான். நகரப் பயணிக்காக, பேருந்தே எட்டாத ஊரில் இருப்பவர் தரும்படி ஆகலாம். எவ்வளவு மானியம் என்ற அளவை மோரிங்கின் கோட்பாடு தானாகச் சொல்லிவிடாது. ஒவ்வொரு தடத்திலும் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

போட்டி என்னும் விடை

செலவை யார் தருவது என்பதைவிட, செலவையே குறைப்பது எப்படி என்று கேட்பவர்களின் முகாம் இது. பிரிட்டனில் 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், லண்டன் நீங்கலாக, யாரும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம் என்று 1986 அக்டோபர் முதல் திறந்துவிட்டது. ஓடிய தூரம் கூடியது. மானியச் செலவு குறைந்தது. ஆனால் பயணிகள் எண்ணிக்கை பல நகரங்களில் தொடர்ந்து சரிந்தது. தடத்தையும் நேரத்தையும் அதிகாரிகளே தீர்மானித்து, ஓட்டுவதை மட்டும் ஏலம் விட்ட லண்டனில் பயணிகள் கூடினார்கள். கார் வைத்திருப்போர் பெருகியது உட்பட இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் முழுப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவது கடினம். எனினும் மான்செஸ்டர் 2023 முதல் 2025 வரை தன் பேருந்துகளை மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது அந்தச் சோதனையைப் பற்றிய ஒரு தீர்ப்புதான்.

இலங்கையின் பாடம் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. பண்டாரநாயக்க அரசு 1958 ஜனவரி 1 அன்று தனியார் பேருந்துக் கம்பெனிகளை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. வடக்கு கிழக்கில் இன்றும் முதியவர்கள் வாயில் அது சி.ரி.பி. பஸ். 1979-இல் தனியாருக்குக் கதவு மீண்டும் திறந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பேருந்து, இரண்டு பேருந்து வைத்திருந்த சிறு உரிமையாளர்கள். அன்றைய வசூலே ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கூலி என்பதால், நல்ல நேரத்தில் முந்திச் செல்லும் ஓட்டமும், ஆள் நிரம்பும்வரை நிற்கும் நிறுத்தமும் வழக்கமாயின. 1990-களில் சபை பல கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டு, 2005-இல் மறுபடி ஒன்றாக்கப்பட்டது. இடையில், யாரும் ஓட விரும்பாத தொலைகிராமத் தடங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனியாக மானியம் தந்து பேருந்து ஓட்டும் திட்டங்களை அரசே தொடங்க நேர்ந்தது. நல்ல தடத்துக்குப் போட்டி வந்தது. மோசமான தடம் கடைசியில் அரசிடமே திரும்பியது.

தமிழ்நாட்டில் 1997-இல் வந்த மினி பேருந்துத் திட்டம் இந்த முகாமின் மிதமான வடிவம். பெரிய வண்டி நுழையாத ஊர்களிலிருந்து பிரதான சாலைவரை தனியார் சிறு பேருந்து ஓடும் என்பது எண்ணம். எண்ணம் நல்லது. பல இடங்களில் ஊருக்குள் போகும் தூரம் சுருங்கி, ஆள் ஏறும் தூரம் நீண்டது. சில தடங்கள் கைவிடப்பட்டன. 2025-இல் அரசு கூடுதல் தூரத்துடன் புதிய திட்டத்தைத் தொடங்கியதே பழையது போதவில்லை என்பதற்குச் சான்று.

கட்டணமில்லாப் பயணம்

டெல்லி 2019 அக்டோபரில் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணத்தை நீக்கியது. தமிழ்நாட்டில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற 2021 மே 7 அன்றே ஆணையில் கையெழுத்திட, மறுநாள் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. கர்நாடகம் 2023 ஜூனிலும் தெலங்கானா அதே ஆண்டு டிசம்பரிலும் தொடர்ந்தன. தமிழ்நாட்டின் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டுமானது. நீண்ட தூரப் பேருந்துக்கு இல்லை. திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் விரைவில் சேர்க்கப்பட்டனர். மலைப்பகுதிகளுக்குப் பின்னர் விரிவானது.

கட்டணமில்லா டிக்கெட்டை நடத்துநர் கிழித்துத் தருகிறார், அது எண்ணப்படுகிறது, அதற்கான ஈட்டை அரசு கழகத்துக்குத் தருகிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் அது 2,800 கோடி. 2025-26-இல் 3,600 கோடி. எண் வளர்ந்தது ஏறியவர்கள் பெருகியதால். மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கூறியது. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது இரண்டு மூன்று நாள் சம்பளம். பயணச் செலவுக்காக இன்னொருவரிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பதைப் பணத்தால் அளக்க வழியில்லை. ஓசி டிக்கெட் என்ற சொல்லால் இதைச் சிறுமைப்படுத்துவோர், தாங்கள் பயன்படுத்தும் மேம்பாலத்துக்கும் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் மீது மூன்று வகை விமரிசனங்கள் உண்டு. முதலாவது, வசதி உள்ளவருக்கும் இலவசம் எதற்கு என்பது. சாதாரணப் பேருந்தில் நெரிசலில் நிற்கத் தயாராக இருப்பவர் பெரும்பாலும் தேவை உள்ளவரே என்பதால், தகுதிச் சான்று கேட்காமலே பெருமளவு சரியான கைக்கு அது போய்ச்சேருகிறது. எனவே இந்த விமரிசனம் அவ்வளவு வலுவானதன்று. இரண்டாவது கனமானது: திட்டம் பேருந்து உள்ள இடத்தில்தான் பயன் தரும். சென்னையில் ஒயிட் போர்டு எனப்படும் சாதாரணக் கட்டணப் பேருந்து வராத நிறுத்தத்தில் டீலக்ஸ் பேருந்துக்கு முழுக் கட்டணம்தான். நகரப் பேருந்துத் தடமே இல்லாத சிற்றூரில் இந்த உரிமை தாளில் உள்ள உரிமை. மூன்றாவது நிர்வாகம் சார்ந்தது. முன்பு கட்டணத்தை உயர்த்த முடியாமல் அரசியல் கட்டிப்போட்டது. இப்போது நகரப் பேருந்துப் பயணிகளில் பாதிக்கு மேல் கட்டணம் தராத நிலையில், கழகத்தின் வரவு பயணியிடமிருந்து விலகி நிதித்துறையின் கையெழுத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. ஈடு தாமதமானால் டயரும் உதிரிப் பாகமும் தாமதமாகும்.

எல்லோருக்கும் இலவசம் என்ற அடுத்த படியை எடுத்த இடங்களும் உண்டு. எஸ்தோனியத் தலைநகர் தாலின் 2013-இல் நகரவாசிகளுக்கும், லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் இலவசமாக்கின. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-இல் தொடங்கி, செலவு தாங்காமல் 2013-இல் கைவிட்டது. இங்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படும் ஐயம் ஒன்றே: காரை விட்டு வந்தவர்களைவிட, நடந்து போவதை விட்டு வந்தவர்கள் கூடுதலோ? சென்னைக்கும் மதுரைக்கும் அந்த ஐயம் அப்படியே பொருந்தாது. இங்கே பேருந்தின் எதிராளி கார் அல்ல, பைக்.

தண்டவாளச் செலவும் சக்கரச் செலவும்

பொதுப் போக்குவரத்துக்கு அரசு செலவழிக்கத் தயங்குகிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. விடியல் பயணத்தின் 2025-26 ஒதுக்கீட்டோடு வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய பதினேழரை ஆண்டுச் செலவுக்குச் சமம். மூலதனச் செலவையும் ஆண்டுச் செலவையும் இப்படி நேராக நிறுத்துவதில் குறை உண்டு. மெட்ரோ நூறாண்டு நிற்கும், டீசல் அன்றே எரிந்துவிடும். எனினும் மனப்போக்கு ஒன்று தெரிகிறது. கடன் வாங்கிக் கட்டுவது வளர்ச்சி என்று எழுதப்படுகிறது. ஓட்டுவதற்குத் தருவது சுமை என்று எழுதப்படுகிறது.

கட்டி முடித்தால் போதாது என்பதற்குப் பறக்கும் ரயிலே சாட்சி. சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-இல் ஓடத் தொடங்கி, மயிலாப்பூர் தாண்டி 2007-இல் வேளச்சேரியை எட்டியது. பிரமாண்டமான நிலையங்கள் எழுந்தன. அவற்றின் வாசலுக்கு இணைப்புப் பேருந்து வரவில்லை. பரங்கிமலையோடு சேர்க்கும் கடைசிச் சில கிலோமீட்டர், நில எடுப்புப் பிணக்கால் பத்தாண்டுக்கும் மேல் நின்றது. பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே கையில் திட்டமிட வேண்டும் என்ற எண்ணத்தில் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே இயற்றப்பட்டது. அது வேலை செய்யத் தொடங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க வழிசெய்யும் சென்னை ஒன் 2025 செப்டம்பரில் வந்தது.

அரசின் ஒரு கை இன்னொரு கையிடம் வசூலிப்பதும் நடக்கிறது. 2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதல் டீசலுக்கு ஒன்றிய அரசு மானியத்தை நீக்கியபோது, போக்குவரத்துக் கழகங்கள் சில்லறை விலையைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியதாயிற்று. சொந்தப் பணிமனையில் பங்க் இருந்தும், ஊர்ப் பங்க்குகளின் வரிசையில் அரசுப் பேருந்துகள் நின்றன. காருக்குக் கிடைத்த மானியம் பேருந்துக்கு இல்லை. 2025 ஜூலையில், மதுரை கன்னியாகுமரி நெடுஞ்சாலையின் நான்கு சுங்கச்சாவடிகளுக்கு 276 கோடி ரூபாய் பாக்கி என்பதற்காக அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லும் நிலை வந்தது. 50 பேரை ஏற்றிச் செல்லும் வண்டி சாலையில் அடைத்துக்கொள்ளும் இடம், அவர்கள் தனித்தனியே காரில் போனால் அடையும் இடத்தில் சிறு பகுதி. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. அந்தக் கொள்கை சுங்கச்சாவடி வரை வந்து சேரவில்லை.

சேவையை விலைக்கு வாங்குவது

அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வரும் நிலைப்பாடு, அரசு பேருந்தை வைத்திருக்க வேண்டியதில்லை, ஓட்டத்தை வாங்கினால் போதும் என்பது. தடம், நேரம், கட்டணம் மூன்றையும் அரசு வைத்துக்கொள்ளும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குத் தரும். வசூல் குறைந்தால் இழப்பு அரசுக்கு. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகள் இந்த முறையில் ஓடுபவை. ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். நடத்துநர் கழகத்தின் ஆள்.

இதன் பெரிய நன்மை, செலவு வெளிப்படையாவது. நைட் ஹால்ட் போடும் பேருந்துக்கும் நெடுஞ்சாலைப் பேருந்துக்கும் கிலோமீட்டருக்கு என்ன விலை என்று எழுதியே ஆக வேண்டும். நட்டம் என்ற சொல் மறைந்து விலை என்ற சொல் வரும். தொழிற்சங்கங்களின் அச்சமும் அடிப்படை இல்லாததன்று. 2018 ஜனவரியில் எட்டு நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையத்தில் ஊதியத்தோடு ஓய்வுபெற்றோருக்குத் தராமல் நின்ற பணப்பலன்களும் இருந்தன. கழகங்கள் பணத் தட்டுப்பாட்டைத் தொழிலாளரின் சேமிப்பிலிருந்து சமாளித்து வந்தன என்பது அப்போது ஊரறிந்தது. ஒப்பந்த முறையில் மலிவு வருவது திறமையாலா, குறைந்த சம்பளத்தாலா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இந்த முறையைப் பாராட்டுவது அவசரம். கிலோமீட்டருக்குத்தான் பணம் என்றால் நிறுத்தத்தில் நிற்காமல் ஓடும் வண்டியும் கிலோமீட்டர்தான். அதைக் கண்காணிக்கும் ஆளும் கருவியும் அரசிடம் இருக்க வேண்டும்.

தீராதவை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளில் முற்றிலும் தோற்றது ஒன்றுதான் எனலாம்: சாதாரணப் பேருந்தின் முழுச் செலவையும் டிக்கெட் தாங்கும் என்பது. தமிழ்நாட்டின் கட்டண, டீசல் கணக்கில் அதற்கு இடமே இல்லை. பொதுப்பணம் வர வேண்டும் என்பதில் பொருளியலும் நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன. எவ்வளவு, எந்த வழியில் என்பதில்தான் பிரிவு.

அதில் முதல் சிக்கல், பொதுப்பணத்தைக் கட்டணக் குறைப்பில் போடுவதா, கூடுதல் நடையில் போடுவதா என்பது. மோரிங்கின் வாதம் இரண்டுக்கும் இடம் தருகிறது. பெண்களுக்கான திட்டம் கட்டணத் தடையை நீக்கிவிட்டது. இனி வரும் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் நடைக்குப் போனால் கூடுதல் பயன் தரும் என்று கருத இடமுண்டு. ஆனால் தடவாரியாக ஏற்றம், இறக்கம், காத்திருப்பு பற்றிய தரவு பொதுவெளிக்கு வராதவரை இது நியாயமான ஊகமாகவே இருக்கும். டிக்கெட் இயந்திரங்களில் அந்தத் தரவு ஏற்கெனவே பதிவாகிறது.

இரண்டாவது, பணத்தின் ஊற்று. மாநிலத்தின் பொது வருவாயிலிருந்தா, சாலையை அதிகம் அடைக்கும் தனி வாகனங்களிடமிருந்தா? சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கியது. லண்டன் 2003-இல் தொடங்கி, வரவைப் போக்குவரத்துக்கே செலவிட்டது. பைக்கே குடும்ப வாகனமாக உள்ள நகரத்தில் அதே வரி ஏழைகளின் மேல் விழக்கூடும் என்ற ஆட்சேபம் உண்மையானது. நிறுத்துமிடக் கட்டணத்திலிருந்து தொடங்கலாம் என்ற யோசனை அதனால்தான் எழுகிறது. எந்தத் தமிழ்நாட்டு நகரமும் அதை முழுமையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, குறைந்தபட்சச் சேவை. ஒரு குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று அரசுக்கு நெறி உண்டு. ஒரு ஊருக்கு நாளைக்கு எத்தனை நடை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்து எத்தனைக்கு ஒன்று என்று, மக்கள் உரிமையாகக் கேட்கத்தக்க நெறி எதுவும் இன்னும் வகுக்கப்படவில்லை. அந்த நெறி வகுக்கப்பட்டால், அதை நிறைவேற்ற என்ன விலை என்பதைக் கழகமும் ஒப்பந்தக்காரரும் ஒரே தாளில் எழுதித் தர முடியும். விடியற்காலை நடையை வசூல் குறைவென்று நிறுத்தும் முடிவு அப்போது பணிமனைக் கிளை மேலாளரின் மேசையிலிருந்து சட்டமன்றத்தின் மேசைக்குப் போகும்.